சூசையப்பருக்கு ஒரு கோல்

மணல்விளைத்துறைக்காரர்களிடம் போய், சலேத்மேரி தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரியாகி அடித்த முதல் கோல் எந்தத் தேதியில் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் மீன்காரி திரேசம்மாளின் கழுத்துவலி போன நாள் என்றால் மொத்த ஊருக்கும் தெரியும். அன்று மத்தியானம் கோயில் முற்றத்தில் சலேத்தின் அக்கா டெல்பியின் கைபேசியைச் சுற்றி இருபது பெண்கள் குனிந்து நின்றுகொண்டு, பாதி ஆட்டம் பார்த்தும் பாதி ஜெபமாலை சொல்லியுமாக இருந்தபோது, "மாதாவே, நம்ம திரேசம்மாளுக்க கழுத்துக்கு ஒரு வழி காட்டும்" என்று ஒருத்தி சொல்லி வாய் மூடுவதற்குள், எழுநூறு மைல் வடக்கே பந்து வலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தலையில் அலுமினியச் சருவம் சுமந்து சாளை விற்ற திரேசம்மாள், அந்த இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கழுத்தைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். ஒரு வெள்ளாடு நின்றது.

"அட, நீயாக்கும்," என்றாள்.

அங்கே மைதானத்தில் கையை விரித்துக்கொண்டு ஓடிய சலேத்துக்குத் திடீரென்று கழுத்து இறங்கியது, தலைமேல் ஈரச் சும்மாடு அழுத்தியது, மூக்கில் சாளை மணத்தது. மீதி ஆட்டம் முழுக்கப் புல்லைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் ஆடி முடித்தாள். பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காத பெண் என்று பயிற்சியாளர் பாராட்டினார். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டாள்.

"எக்கா, நம்ம ஊர்ல யாருக்காவது கழுத்துவலி போச்சா?"

"திரேசம்மாளுக்குப் போச்சு. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வந்திருக்கு."

"ஓ," என்றாள் டெல்பி. "அங்கதான் வந்திருக்கா. எங்க போச்சுன்னு நாங்க தேடிட்டிருந்தோம்."

இரண்டாவது கோலுக்கு வள்ளத்தில் இன்ஜின் ஓட்டுகிற பனியடிமையின் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள், அவன் மணிக்கட்டு லேசாயிற்று, சலேத்தின் மணிக்கட்டு கனத்தது. மூன்றாவது கோலுக்கு இரட்டைப்பிள்ளை பெற்ற ஒருத்தியின் பெயர். அவள் எட்டு மாதத் தூக்கக்கலக்கம் நீங்கி எழுந்து வீட்டுக்கு வெள்ளையடித்தாள், சலேத் கார்னர் கிக் எடுக்கப்போய்க் கொடிக்கம்பத்தில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அதன்பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. ஊர் ஒருநாள் முழுக்க வருத்தப்பட்டது. பாவம் பிள்ளை, தூரதேசத்தில் கிடந்து நம்முடைய களைப்பையும் சுமக்கிறதே என்று சொல்லி ஒரு கூடை நெத்திலிக் கருவாடும் ஒரு பலாப்பழமும் ரயிலில் அனுப்பி வைத்தது. மறுநாள், அவளுக்கு இருபது வயசுதானே, தாங்குவாள் என்று தேறிக்கொண்டது.

பிறகு முறை வைக்காமல் தீராது என்றாகிவிட்டது. முறை வைக்க வியாகுலம் உபதேசியாரைவிட்டால் அந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. கல்யாண ஓலை வாசிப்பதும், கோயில்மணி அடிப்பதும், கரைக்கு வந்த மீன்பாட்டில் வள்ளத்துக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று சண்டையில்லாமல் பங்கு பிரிப்பதும் அவர்தான்; முப்பது வருஷம் மணிக்கயிறு இழுத்து இழுத்து முதுகு கொக்கிபோல வளைந்து, நடக்கும்போது கீழே எதையோ தொலைத்தவர்போலத் தெரிவார். அவர் ஒரு நோட்டுப் போட்டார். கோல் என்பது வலையில் விழுந்த பாடு, சலேத் என்பது வள்ளம், தெருவுக்குத் தெரு முறை. நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், களைப்பு மட்டும்தான் நோட்டில் ஏறும். பெனால்டி கோலுக்கு முழுக்களைப்பும் போகும். கம்பத்தில் பட்டுத் திரும்பினால் ஒன்றும் போகாது. தனக்கு இடதுகால் மட்டும் லேசானது என்று ஒருத்தி சத்தியம் செய்தும் உபதேசியார் ஒப்புக்கொள்ளவில்லை. ஆஃப்சைடு என்று கொடி தூக்கிவிட்டால்தான் பெரிய கஷ்டம், போன களைப்பு அரை நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும், அதுவும் வழியெல்லாம் ஓடி வந்த அலுப்பையும் சேர்த்துக்கொண்டு. அதனால் மணல்விளைத்துறைப் பெண்கள் ஆஃப்சைடு விதியை ஆண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் படித்துக்கொண்டார்கள். மீன் ஏலத்தின் நடுவே, "அந்த பேக்குக்காரி ஒரு சாண் பின்னால நின்னா, நான் பாத்தேன், கோல்தான் அது" என்று அடித்துப் பேசினார்கள்.

இப்படிப் பதினோரு வருஷம், நூற்று நாற்பத்து மூன்று கோல். களைப்பு என்பது கிணற்றுநீர்மாதிரி, இறைத்தால் ஊறும். ஒரு சுற்று முடிந்தவர்கள் அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுத்தார்கள். சலேத்திடம் வந்து சேர்ந்த களைப்போ எங்கேயும் போகவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. அவள் பேருந்தில் ஏறும்போது வலைபின்னுகிறவளின் கண் எரிச்சலும், பள்ளிக்கூட டீச்சரின் தொண்டை வறட்சியும், கல் உடைக்கப் போனவனின் தோள் நோவும் சேர்ந்து ஏறின. ஐஸ்கட்டித் தொட்டியில் இறங்கினால் அரைமணிநேரம் எல்லாரும் அவளுக்குள் ஒருமித்துப் பெருமூச்சு விட்டார்கள். அணியின் பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் அவளுடைய வலது முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, இது முட்டு இல்ல. இது ஒரு ஊரு."

வலி பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. கோல் அடித்தால் மற்ற பெண்கள் ஓடுவார்கள், குட்டிக்கரணம் போடுவார்கள், ஒருத்தி காலணியைக் கழற்றி டெலிபோன்மாதிரிக் காதில் வைத்துப் பேசுவாள். சலேத் மட்டும் பந்து வலையைத் தொட்ட அந்த நொடியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, இன்றைக்கு எங்கே வரப்போகிறது, இடுப்பிலா குதிகாலிலா என்று காத்திருப்பாள். கோல் அடித்தால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. முப்பத்தொரு வயசில், இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கமாட்டோம் என்று கிளப்காரர்கள் மரியாதையாகக் காப்பி வாங்கிக்கொடுத்துச் சொன்னபோது அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிஞ்சியிருந்தது. போவதற்கு முன்னால் ஒரு வெறும் கோல் அடிக்கவேண்டும். யார் களைப்பும் கூட வராத, கோல் மட்டுமேயான ஒரு கோல். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கே அலுப்பாக இருந்தது.

அந்த வருஷம் பார்த்துத்தான் அவளுடைய கிளப், சரித்திரத்திலேயே முதல்முறையாக அரையிறுதிக்கு வந்தது.

மணல்விளைத்துறையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஊரே உட்கார்ந்தது. அடுத்த முறை கிழக்குத்தெரு அலங்காரத்துக்கு. அவன் குளித்துவிட்டு முன்வரிசையில் தயாராக இருந்தான். அப்போது யாரோ ஒரு கிழவர் எழுந்து, "அரையிறுதி நமக்குப் புதுசில்லியா? புதுவலை எறக்கினா மொதப்பாடு யாருக்கு?" என்று கேட்டார். ஊர் முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டது. புதுவலை இறக்கினால் முதல்பாடு கோயிலுக்கு, அதாவது குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி இருநூறு வருஷமாகப் பீடத்தில் சுரூபமாக நிற்கிற பாதுகாவலர் சூசையப்பருக்கு; பாட்டன் காலத்துச் சட்டம், அதை மீறி வலையைக் கிழித்துக்கொண்டவர்களின் பெயர்ப்பட்டியலே இருக்கிறது. பதினோரு வருஷமாக இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று வெட்கப்பட்டு, அலங்காரத்தின் பெயரை அடித்துவிட்டு, வியாகுலம் உபதேசியார் கொட்டை எழுத்தில் எழுதினார்: புனித சூசையப்பர், கோயில்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் சலேத் கோல் அடித்தாள்.

அடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இதுவரை வந்ததெல்லாம் விழவைக்கிற களைப்பு. இது நிற்கவைக்கிற களைப்பு. முதுகு விறைத்தது, கால் இரண்டும் பீடத்தில் ஆணியடித்ததுபோல இறுகின, இடதுகை தானாக மடங்கி ஒரு பிள்ளையைத் தாங்குகிற வாக்கில் நின்றது. அந்த மடங்கிய முழங்கைக்குள் இருநூறு வருஷம் கேட்டது. கரை திரும்பாத வள்ளங்கள், குடிகாரப் புருஷன்மார், பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை, பல்வலி, துபாய் விசா, சூசையப்பரே பாரும், சூசையப்பரே கேளும், சூசையப்பரே எழும்பி வாரும்.

எதிரணிக்காரிகள் அவள் ஏதோ தந்திரம் செய்கிறாள் என்று நினைத்து, நகராமல் நின்ற அவளைச் சுற்றி மூன்று பேரைக் காவல் வைத்தார்கள். மூன்று பேர் சிலையைக் காவல் காத்ததால் மற்ற இடத்தில் ஆள் குறைந்து, ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றுப்போனார்கள். சலேத்தை நான்கு பேர் நின்றவாக்கிலேயே தூக்கிக்கொண்டு போய், பேருந்தில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் துண்டு போட்டுக் கட்டி விடுதிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஓய்வு தேவை என்று சீட்டில் எழுதி, உட்காரச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் காலை பூசைக்குக் கோயிலைத் திறந்த உபதேசியார், சூசையப்பர் சுரூபம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பீடத்தின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் கிடத்தி, லீலிப்பூக் கோலைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். ஃபாதர் வந்து பார்த்தார், ஒரு நிமிஷம் யோசித்தார், பூசையைத் தொடங்கினார். பூசை முடிந்ததும்தான் வாக்குவாதம். உட்கார்ந்த புனிதரை எப்படிச் சப்பரத்தில் ஏற்றுவது, கூரையை இறக்க வேண்டுமா, பீடத்தை உயர்த்த வேண்டுமா, இந்த வருஷத் திருவிழா நோட்டீசில் நிற்கிற படமா உட்கார்ந்த படமா என்று ஆண்கள் அளவுநாடா எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"அந்த மனுசன் செத்த நேரம் உக்காந்ததுல ஒங்களுக்கு என்னலே கொறைஞ்சு போச்சு?" என்றாள் திரேசம்மாள். "அளவெடுக்க வந்துட்டானுவ, தையக்காரனுவ."

எல்லாரும் சிரித்தபோது டெல்பி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இறங்கியது எங்கே ஏறியிருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைய ரயிலிலேயே கிளம்பினாள்.

விடுதி அறையில் சலேத் ஜன்னலோரம் நின்றிருந்தாள். மணிப்பூர்க்காரி தோம்பி, கோல்கீப்பர், ஒரு ஸ்டூல்மேல் ஏறிக்கொண்டு அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இறுதியாட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள்.

"அக்கா வந்தாச்சு," என்றாள் தோம்பி, சலேத்திடம் கற்ற தமிழில். "இவ ரெண்டு கிண்ணம் சாப்பிட்டா. உக்கார மாட்டேங்கறா. கழுதை."

"உக்காரு பிள்ளே," என்றாள் டெல்பி.

"முடியாது."

"படு."

"முடியாதுக்கா. அவரு ஒருநாளும் படுத்ததில்லையாம்." சலேத் மடங்கிய கையை அசைக்காமல் திரும்பினாள். "நடக்கலாம். ஓடக்கூடச் செய்யலாம், தோம்பி பிடிச்சுத் தள்ளிவிட்டா. உக்காரதுக்கு மட்டும்தான் ஒடம்புக்கு வழி தெரியல. அதைவிட இந்தக் கைதான். கேட்டுக்கிட்டே இருக்கு. முந்தாநாள் கொழம்புக்குப் புளி இல்லன்னு நீ சூசையப்பரைக் கூப்பிட்ட."

டெல்பிக்கு முகம் சிவந்தது. "அது ஒரு வாய்ப்பழக்கம்."

"எல்லாம் எனக்குக் கேட்டுது. பதில் சொல்லவும் முடியாது. அவருக்கும் முடியாதுபோல."

டெல்பி கட்டிலில் உட்கார்ந்தாள், உடனே குற்றவாளிபோல எழுந்து நின்றாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். இறுதியாட்டத்துக்குச் சலேத்தின் பெயரையே நோட்டில் எழுதிவிட்டால் என்ன?

"எழுதுங்க. எனக்க களைப்பு என்னைவிட்டுப் போய், கோல் அடிச்சவகிட்ட வரும். அடிச்சவ யாரு? நான். அடுத்த ரூமுக்குப் போயிட்டு வந்தமாதிரி இருக்கும்." அவள் சிரிக்க முயன்றாள். "இப்போ யாருக்க முறை?"

டெல்பி தரையைப் பார்த்தாள். "உபதேசியாருக்க முறை."

பங்கு வைக்கிறவன் கடைசியில்தான் எடுக்கவேண்டும் என்பது கடற்கரை வழக்கம். பதினோரு வருஷமாக ஊரார் பெயரை எல்லாம் எழுதி, இரண்டாம் சுற்றுக்காரர்களையும் எழுதி, தன் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தார் வியாகுலம். கொக்கிபோன்ற அந்த முதுகோடு அவர் நேராகப் படுத்தே பல வருஷமாயிற்று. அலங்காரமும் தன் முறையை விட்டுக்கொடுத்ததில், அந்தக் கடைசிப் பக்கம் இப்போதுதான் வந்திருந்தது.

சலேத் தோம்பியிடம் கிண்ணத்தை எடுத்துவைக்கச் சொன்னாள். பிறகு, "எக்கா, அவருக்கு போன் போடு," என்றாள்.

ஒலிபெருக்கியில் உபதேசியாரின் இருமல் கேட்டது. "சொல்லு பிள்ளே. சொகமா?"

"உபதேசியாரே, இதுதான் எனக்குக் கடைசி ஆட்டம். எனக்கு ஒரு வெறும் கோல் வேணும். யாருக்க பேரும் எழுதப்படாது. யாரும் யாருக்காகவும் ஜெபிக்கப்படாது. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கப்படாது. தொண்ணூறு நிமிசம்."

அந்தப் பக்கம் கடல் இரைந்தது.

"நான் அடிக்கலன்னாலும் பரவாயில்ல," என்றாள் சலேத். "அடிச்சா அது எனக்கு மட்டும் இருக்கணும். ஒங்களுக்க முறைன்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கேன்."

"நூறு குடும்பம் பிள்ளே," என்றார் வியாகுலம் கடைசியில். "தொண்ணூறு நிமிசம் வாயடக்க வைக்கணும்னா அது எனக்க முதுகைவிடப் பெரிய வேலையாக்கும்." நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "சரி. நோட்டை மூடுதேன்."

அவர் சொன்னதைச் செய்தார். இறுதியாட்டத்தன்று மணல்விளைத்துறை பெரிய வெள்ளிக்கிழமைபோல ஆயிற்று. கோயில்மணியின் நாக்கைத் துணியால் சுற்றிக் கட்டினார்கள். தவக்காலத்தில் செய்வதுபோல சூசையப்பரை ஊதாத்துணியால் மூடினார்கள், உட்கார்ந்திருந்ததால் துணி மிச்சப்பட்டது. ஜெபமாலைகளை எல்லாம் ஒரு சருவத்தில் போட்டு ஃபாதரின் அறையில் பூட்டினார்கள். ஐயோ சூசையப்பரே என்று வாய்தவறிச் சொல்லும் பழக்கமுள்ளவர்கள் வாயில் புளிங்கொட்டை அடக்கிக்கொள்ளவேண்டும் என்று உத்தரவு. வெள்ளைவேட்டியின் முன்னால் நூறு குடும்பம், கன்னம் புடைக்க, தத்தம் இடுப்பையும் முழங்காலையும் தாங்களே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. அன்றைக்குப் பார்த்து எல்லாருக்கும் எல்லா இடமும் வலித்தது. வியாகுலம் உபதேசியாருக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் சாய முடியாததால் அவர் தரையில் இறங்கிப் பக்கவாட்டில் சுருண்டு, கீழேயிருந்து திரையைப் பார்த்தார்.

அறுபது நிமிஷத்துக்குள் எதிரணி இரண்டு கோல் அடித்துவிட்டது. அறுபத்து மூன்றாவது நிமிஷத்தில், வேறு வழியில்லாமல், அவள் சும்மா நின்றாலும் மூன்று பேர் காவலுக்குப் போவார்கள் என்ற நம்பிக்கையில், பயிற்சியாளர் சலேத்தை இறக்கினார். கோட்டருகே தோம்பி ஓடிவந்து முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினாள். இடதுகை மடங்கியபடியே, யாருடைய பிள்ளையையோ தூக்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவள்போல, அவள் உள்ளே போனாள்.

முழங்கை அமைதியாக இருந்தது. ஒரு வாரத்தில் முதல்முறையாக அதற்குள் ஒருவரும் பேசவில்லை. முதலில் அவளுக்கு அது பயமாக இருந்தது, ஊரைக் கடல்தான் கொண்டுபோய்விட்டதோ என்று. பிறகு அந்த மௌனம் கன்னம் புடைத்த மௌனம் என்று புரிந்தது. நூறு வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து வந்தது. நல்ல பந்தல்ல, உயரமும் இல்லாமல் தாழ்வும் இல்லாமல் இடுப்பளவில் அலைந்துகொண்டு வந்த சோம்பேறிப் பந்து. காவலுக்கு நின்ற மூவரில் ஒருத்தி கால் மாற்றினாள். சலேத் நெஞ்சில் வாங்கினாள், ஒருமுறை துள்ளவிட்டாள், ஊர் முழுக்கப் படிந்திருந்த அந்த வலது காலை வீசினாள். பந்து கீப்பரின் விரலுக்கும் கம்பத்துக்கும் இடையில், ஒரு கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளியதுபோலப் போய் விழுந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இடுப்பில் காத்திருந்தாள், குதிகாலில் காத்திருந்தாள். சாளை மணம் வரவில்லை, யாருடைய தொண்டையும் வறளவில்லை. வலை ஒருமுறை ஆடி நின்றது. கூட்டம் சத்தம் போட்டது. வெயில் அடித்தது. அவ்வளவுதான், ஒன்றும் வரவில்லை. இதுதானா, இவ்வளவு லேசா, இதற்குத்தான் அந்தப் பெண்கள் குட்டிக்கரணம் போட்டார்களா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வயிற்றில் தொடங்கி முழங்காலுக்கு இறங்கியது, முழங்கால் மடங்கியது. எதிரணியின் பெட்டிக்குள், பெனால்டிப் புள்ளிக்குப் பக்கத்தில், அவள் மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தாள். மடங்கியிருந்த இடதுகையைப் பைய இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய ஆட்கள் ஓடிவந்து வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினார்கள். இன்னும் ஒரு கோல் வேண்டும், இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. மறுகோடியிலிருந்து தோம்பி, எழுந்திரு கழுதை என்று தமிழில் கத்தினாள். சலேத் காலை நீட்டிக்கொண்டாள்.

ரெஃபரி விசிலை ஊதிக்கொண்டு வந்து தலைக்குமேல் நின்றாள். "அடிபட்டிருக்கா? டாக்டரைக் கூப்பிடவா?"

"இல்ல மேடம்."

"அப்போ எழுந்திரு. நேரத்தை வீணாக்கினா மஞ்சள் அட்டை காட்டவேண்டியிருக்கும்."

"காட்டுங்க மேடம்," என்றாள் சலேத், புல்லைத் தடவிக்கொண்டே. "நான் இப்பத்தான் உக்காந்தேன்."